உப்பு நெல்லிக்காயும் உன் ஈரலும்

திருச்செங்கோடு
தை மாதம், 1984

அன்பு மகன் அர்த்தநாரிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மனைவி சௌந்திரமும் சௌகரியமாக இருக்கிறோம். அங்கே நீயும் சௌகரியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் உடம்பைப் பற்றி நீதான் இனிமேல் உண்மையைச் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு, வடக்கே போர்வெல் போடப் போன ரிக் லாரியோடு எல்லாரும் வந்துவிடுவீர்கள் என்று பார்த்திருந்தோம். தங்கசாமி மட்டும்தான் வந்தான். இன்னும் நாலைந்து போர் பாக்கி இருக்கிறது, அர்த்தநாரி மாசியில்தான் வருவான் என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உன்னோடு ஒரே லாரியில் கிடப்பவன், சோறு போட்டுக் கேட்டால் சொல்லாமல் போவானா? ரசம் ஊற்றும்போது உண்மையைக் கக்கிவிட்டான். வேலை முடிந்ததும் தினமும் எல்லாரும் குடிக்க உட்காருகிறீர்களாம், தொட்டுக்கொள்ள நான் கொடுத்தனுப்பிய உப்பு நெல்லிக்காயாம். ஒதுங்கிப் போகிறவனைக்கூட நீதான் இழுத்து உட்கார வைக்கிறாயாம். "நெல்லிக்காய் தின்னா ஈரலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எங்கம்மாவே எழுதியிருக்குதுடா, டம்ளருக்கு ஒரு காய் போட்டுக்குங்க, சரியாப்போயிரும்" என்றாயாம். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்களாம். கொஞ்ச நாளாக உன் கண் மஞ்சளாகத் தெரிகிறது, சோற்றைக் கண்டாலே ஓங்கரிக்கிறாய் என்றும் சொன்னான். போர் போடும் புழுதி கண்ணில் பட்டு அப்படி இருக்கிறது என்று சமாளிக்கிறாயாம். புழுதி பட்டால் கண் சிவக்குமடா, மஞ்சளாகுமா?

உங்கப்பாவுக்கும் முதலில் கண்தான் மஞ்சளித்தது. அப்புறம் கால் வீங்கி, வயிறு பானையாட்டம் ஏறி, கடைசியில் என்னைப் பார்த்தே நீ யார் என்று கேட்டார். அவருக்கு வைத்தியம் பார்த்த சேலம் அஸ்தம்பட்டி டாக்டர்தான் நெல்லிக்காய், கொய்யா, நாவல்பழம் எல்லாம் ஈரலுக்கு நல்லது என்று சொன்னார், அதைத்தான் உனக்கு எழுதினேன். அதை வைத்துக்கொண்டு குடி என்றா எழுதினேன்? நேற்று சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் அவரையே கேட்டேன், கூடை கூடையாகப் பழம் வாங்கி அனுப்பினால் சரியாகிவிடுமா என்று. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பழம் காவலுக்குத்தான்ம்மா. வீட்டுக்காரனே தினமும் தீ வச்சா காவல்காரன் என்ன பண்ணுவான்? கண்ணு மஞ்சளாயிருச்சுன்னா பழத்தைத் தேடாதீங்க, பையனைக் கூட்டிட்டு வாங்க" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை, கம்பியைப் பிடித்தபடியே வந்தேன்.

சௌந்திரத்துக்கு இது எதுவும் தெரியாது. மாசமாக இருப்பவளிடம் எந்த வாயால் சொல்ல. இன்று காலை சந்தையில் நெல்லிக்காய் வாங்கி வந்து உனக்கென்று ஜாடி கழுவி உப்பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். "மாமாவுக்கு இது இல்லீன்னா சோறு எறங்காதுங்க அத்தை" என்கிறாள். வேண்டாம் என்று வாயெடுத்தேன், ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து உள்ளே போய்விட்டேன். அந்த ஜாடி உனக்கு வராது. தங்கசாமி கையில் இந்தக் கடிதம் மட்டும்தான் வரும். படித்ததும் அவனோடு ரயில் ஏறு. உன் முதலாளியிடம் நானே போய்ப் பேசிவிட்டேன், வேலை எங்கீங்க போவுது, மொதல்ல ஆளை வரச்சொல்லுங்க என்றார். இனி உனக்குச் சாக்கு இல்லை. வந்தால் ஒரு வார்த்தை திட்டமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது சாமி, வேறொன்றும் இல்லை.

மலைமேல் இருக்கிற அந்த அர்த்தநாரீசுவரர் உனக்குத் துணை இருப்பார், நோய்நொடி தீர்ந்து பிள்ளை குட்டியோடு நெடுங்காலம் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. விடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் லாரிக் கண்ணாடியில் உன் கண்ணைப் பார். பார்க்கப் பயமாக இருந்தால் பார்க்கவே வேண்டாம், அப்படியே கிளம்பி வந்துவிடு.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா
மயிலம்மாள்