சார்ஜில் போட்ட போன்

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், ஆனாலும் போனில் அரை நொடியில் 'நல்லாருக்கேன்' என்பதை நான் நம்புவதில்லை, இரண்டு வரி எழுதிப் போடு. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. இந்த வயதில் உன் அம்மா பரீட்சை எழுதுகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஸ்டேஷனிலிருந்து என்னை சைபர் கிரைம் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒற்றை விரலால் டைப் அடிக்கும் ஏட்டம்மாவுக்கு வந்த வாழ்வைப் பார்!

ஏன் அனுப்பினார்கள் என்பதை உன்னிடம் மறைப்பானேன். ஒரு டீச்சர், உன் வயதுதான். அவள் படத்தை எவனோ அசிங்கமாக மாற்றி, வெளியே விடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய கூட்டாளியின் போனைப் பிடித்தோம், எல்லா ஆதாரமும் அதில்தான். சார்ஜ் தீரப்போகிறதே என்று பொறுப்பாக என் மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். பிடித்த உடனே நெட்டைத் துண்டித்திருக்க வேண்டுமாம், யாருக்குத் தெரியும்? மிரட்டியவன் தான் இருந்த இடத்திலிருந்தே நெட் வழியாக அத்தனையையும் அழித்துவிட்டான். வந்து பார்த்தால் போன் கடையில் புதிதாக வாங்கியது போலத் துடைத்துக் கிடக்கிறது. நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். பயிற்சி தருகிற பெண் உன்னைவிடச் சின்னவள், திட்டவில்லை. அடுத்த வகுப்புக்கு நீங்களே வந்து சொல்லுங்க மேடம், நான் பாடம் நடத்துறதைவிட உங்க தப்பு நல்லாப் புரியும் என்றாள். பாராட்டா குத்தலா தெரியவில்லை, சரி என்றுவிட்டேன்.

டீச்சர் வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். அவளுக்கு வந்த மிரட்டல்களை அவள் அழிக்காமல் வைத்திருந்ததால் கேஸ் இன்னும் நிற்கிறது. ஆனால் அவன் சிக்கவில்லை, படமும் அவன் கையில்தான் இருக்கிறது. ஆறு மாதம் ஏனம்மா வாயே திறக்கவில்லை, முதலிலேயே வந்திருந்தால் அவனையே பிடித்திருக்கலாமே என்று கேட்டேன். எங்கம்மாவும் உங்கள மாதிரிதான் மேடம், ரொம்பக் கண்டிப்பு, பயமா இருந்துச்சு என்றாள்.

வண்டியை எடுக்காமல் அந்த வாசலிலேயே நின்றேன். உன்னை எத்தனை அதட்டியிருக்கிறேன், கண்ணு! உனக்கு அப்படி எதுவும் வந்தால் முதலில் என்னிடம் சொல். யார், ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்க மாட்டேன், அடுத்த வண்டியில் ஏறி வந்துவிடுவேன்.

நோய்நொடி இல்லாமல் மனம்போல் வாழ வேண்டும் நீ. கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. இதை அதட்டலாக எடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
கண்டிப்பைக் குறைத்துக்கொள்ளப் பழகும் உன் அம்மா