அக்காவின் ஃபோனைத் திறந்தவள்

என் வாயாடித்தனத்தை எல்லாம் பொறுத்துக்கொண்ட அக்காவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. தும்மல் மாதிரி மூக்குவரை வந்து நின்றுவிடுகிறது. காலையில் எழுந்து, இரண்டு இட்லி தின்று, பஸ் பிடித்து காலேஜுக்குப் போகிறேன். வகுப்பு எடுக்கிறேன், விடைத்தாள் திருத்துகிறேன். யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "ஹார்ட் அட்டாக். வேலை செய்யற இடத்துலயே, நாற்காலியில உட்கார்ந்தபடியே" என்கிறேன். யார் வீட்டுச் சேதியையோ சொல்வது போலத்தான் அது வாயிலிருந்து வருகிறது.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்பதால் நம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் பெங்களூரில் ஒரு சட்டக் கல்லூரியில் அந்தரங்க உரிமை, தகவல் பாதுகாப்பு பற்றிய சட்டங்களைப் பதினெட்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், மாநாடுகளுக்குப் போகிறேன். நீ ஒரு ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் நோயாளிகளின் ஃபைல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நாம் இருக்கிற ஆஸ்டின் டவுனில் பாதிப் பேருடைய வியாதி உன் அலமாரிகளில் இருந்தது. எதிர்வீட்டம்மா எதற்கு அட்மிட் ஆனாள் என்று நான் நைஸாகக் கேட்டுப் பார்த்தால்கூட "காய்ச்சல்" என்பாய். உன்னைக் கேட்டால் இந்த ஏரியாவில் யாருக்கும் காய்ச்சலைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை.

"நீ வாயால சொல்லிக்கொடுக்கறே, நான் வாயை மூடிக்கிட்டுச் செய்யறேன். பேப்பர்ல பேர் மட்டும் உனக்கு வருது" என்று என்னைக் கிண்டல் செய்வாய். நானும் சிரிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். நான் வழக்கம்போல் யாரும் கேட்காமலே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புதுச் சட்டத்தில் நாமினி என்று ஒன்று வந்திருக்கிறது, நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் தகவல்களைப் பற்றிக் கேட்கும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். நீ கீரையிலிருந்து தலையைத் தூக்கினாய்.

"அப்ப நான் உன்னையே போடறேன்டி."

"ஃபார்ம் எல்லாம் இருக்கு அக்கா, சும்மா வாயால சொல்ல முடியாது."

"ஃபார்ம் எல்லாம் யாருக்கு வேணும். இதைக் கேட்டுக்கோ" என்று உன் ஃபோனின் நாலு நம்பரைச் சொன்னாய். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பார்த்துக்கோ" என்றாய்.

எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேங்க் விஷயம், கேஸ் புக்கிங் என்று ஏதோ நினைத்துக்கொண்டேன். மாநாட்டில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எத்தனை கேள்வி கேட்டிருப்பேன்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. மத்தியானம் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஃப்ரீசர் பெட்டி வந்தது, ஷாமியானா வந்தது. நம் தெருவில் ஒருவர் செத்தால் சாயங்காலத்துக்குள் முனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஏறிவிட வேண்டுமே. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மூன்று தடவை ஃபோன் செய்துவிட்டார். "மேடம், ஆதார் கார்டு போட்டோ பேடா, அது வேண்டாம், முகமே தெரியலை. சிரிச்ச மாதிரி ஒண்ணு கொடுங்க, நாலு மணிக்குள்ள கொடுத்தா ரெடி மாடி கொடுக்கறேன்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். நீ போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். கல்யாண ஆல்பத்தை விட்டால் வீட்டில் உன் படமே இல்லை.

மாமா உன் ஃபோனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உன் புருஷன் முப்பது வருடம் டிரைவராக இருந்தவர், கையில் எதைப் பிடித்தாலும் ஸ்டியரிங் மாதிரி அழுத்திப் பிடிப்பார். அன்றைக்கு ஃபோனை இரண்டு விரலால் தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தார்.

"விஜி, இதுக்குள்ள போட்டோ இருக்கும். ஆனா நான் அவ ஃபோனைத் தொட்டதே இல்லைம்மா. திறக்கலாமா? நீதானே இதெல்லாம் படிச்சவ."

அவர் தயங்கினார் அக்கா. அதை நான் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். தயங்கியது அவர். தயங்காதது நான்.

"சட்டப்படி தடை ஒண்ணும் இல்லை மாமா. ஆள் போனதோட அந்தரங்க உரிமையும் போயிடுது" என்றேன். இதையேதான் என் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். பரீட்சையில் கேள்வியாகக் கேட்டு, சரியாக எழுதியவர்களுக்கு மார்க்கும் போட்டிருக்கிறேன். நாலு நம்பரைத் தட்டித் திறந்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, உனக்குக் கட்டும் புடவை எது என்று பீரோவில் தேடப் போய்விட்டேன்.

ஃபோனுக்குள்ளே உன் மகள் இருந்தாள்.

அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். நாலு வருடத்துக்கு முன்னால் நம் ஜாதி இல்லாத பையனைக் கட்டிக்கொண்டேன் என்று வந்து நின்றவளை மாமா பெல்ட்டால் அடித்தார். புருவம் கிழிந்து அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவள்தான், எங்கே இருக்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று மாமா சொன்னார், நாமும் எடுக்கவில்லை. ஆனால் நீ மாதம் இரண்டு சனிக்கிழமை "டூட்டி" என்று சொல்லிவிட்டு ஓசூர் ரோடு பஸ் ஏறி சந்தாபுராவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாய். உனக்கு ஒரு பேத்தி பிறந்து இரண்டு வயது ஆகியிருக்கிறது. சிவாஜிநகரில் ஒரு நாள் என்னைக் கூடவே வைத்துக்கொண்டு மஞ்சள் கவுன் ஒன்று வாங்கினாயே, கூட வேலை செய்கிறவள் பேத்திக்கு என்று. கலர் நான்தான் சொன்னேன். ஒரு சந்தேகமும் வரவில்லை எனக்கு. இத்தனைக்கும் மற்றவர்கள் எதை மறைக்கிறார்கள், ஏன் மறைக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி.

மாமா படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளிடமிருந்து மெசேஜ் வந்ததாம். "அம்மா, சனிக்கிழமை வர்றப்ப முருங்கைக்கீரை கொண்டுவா" என்று. நீ ஹாலில் பெட்டிக்குள் இருந்தாய். மேலே தள்ளிப் பார்த்தால் வீட்டு அட்ரஸ், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், எல்லாம் இருந்தது. மாமா இருக்கிற படங்களிலேயே நீ வாய்விட்டுச் சிரிக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

அந்தப் படத்தில் குழந்தை உன் தோளில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கடைக்காரர் குழந்தையை வெட்டி, பின்னால் நீலவானத்தையும் இரண்டு புறாவையும் போட்டார். ஆனால் உன் தோளில் இருந்த மூன்று சின்ன விரல்களை எடுக்க மறந்துவிட்டார். நாலடி உயர ஃப்ளெக்ஸில் தெரு முனையில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய், தோளில் மூன்று விரல். "யாரு கைம்மா அது?" என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அப்போது உண்மையிலேயே தெரியாது.

யாரோ அந்த ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தார்கள். நம் தெருவில் அது ஒரு மரியாதை. உன் மகள் தன் அம்மா செத்ததை அப்படித்தான் தெரிந்துகொண்டாள். தன் குழந்தையின் விரலையும் பார்த்தாள். அந்தப் படம் இரண்டே ஃபோனில்தான் இருந்தது, அவளுடையதிலும் உன்னுடையதிலும்.

ராத்திரி உன்னை எரித்துவிட்டு வந்து குளித்துவிட்டுப் பார்க்கிறேன், தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். "சித்தி, அம்மா ஃபோனை யார் திறந்தது?" அவ்வளவுதான். நாலு வருடம் கழித்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

விஷயம் அப்போதுதான் எனக்குப் பாதி புரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பதிலை எழுதி எழுதி அழித்தேன். நிலைமையை விளக்கி ஒன்று, மன்னிப்புக் கேட்டு ஒன்று, அப்பா இப்போது முன்னைப் போல் இல்லை என்று ஒன்று. கட்டுரைக்கு முன்னுரை எழுதுகிற மாதிரி இரண்டு நாள் எழுதினேன். பால் தெளித்துவிட்டு வந்து அனுப்பலாம் என்று எடுத்து, முதலில் கூப்பிட்டுப் பார்த்தால் அவள் நம்பர் அணைந்திருந்தது.

அன்றைக்கே மாமா சொல்லாமல் கொள்ளாமல் சந்தாபுராவுக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்ததாம். முந்தின நாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலி செய்துவிட்டார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னாராம். திரும்பி வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நான் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன் விஜி. பார்க்கத்தான் போனேன்" என்றார். நம்புவதா, வேண்டாமா? நீ இருந்தால் கேட்டிருப்பேன். நாலு வருடம் நீ அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் உன் பதிலா?

வகுப்பில் ஆள் போனதோடு உரிமையும் போகிற அந்தப் பாடம் போன மாதம் வந்தது. அதே ஸ்லைடைப் போட்டேன், அதே வரியைச் சொன்னேன், குரல்கூட மாறவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், செத்தவங்க ஃபோன்ல அவங்க விஷயம் மட்டுமா இருக்கும்? உயிரோட இருக்கிறவங்க விஷயமும் இருக்குமே" என்றாள். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு கட்டுரை எழுதி, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். வெட்கம்கூட மரத்துப்போய்த்தான் வருகிறது.

இனி புதுச் சேதி. என் பழைய மாணவன் ஒருவன் ஒரு ஃபோன் கம்பெனியில் சட்டப் பிரிவில் இருக்கிறான். போன வாரம் தற்செயலாகப் பேசினான் என்று எழுதப் பார்த்தேன். பொய். நான்தான் கூப்பிட்டேன். விஷயத்தைப் பட்டும் படாமலும் சொன்னேன். அவன், "தப்புன்னு நீங்கதான் மேடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. ஆனா நீங்க கேட்டா செய்யறேன். பழைய நம்பர் கொடுங்க, அந்த ஃபோன்ல இப்ப எந்த சிம் போட்டிருக்காங்கன்னு பார்த்துடலாம்" என்றான்.

எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அவள் வாசலில் போய் நின்று, நான்தான் திறந்தேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் இந்த மரத்துப்போன மாதிரி இருப்பது போய்விடும், உனக்காக அழுதுவிடலாம் என்று தோன்றியது. குழந்தையைத் தூக்கிப் பார்க்கலாம் என்றும்தான். மாமாவும் தினம் கேட்கிறார். வயதாகிவிட்டது அவருக்கு, சாப்பாடு இறங்குவதில்லை, உன் புடவையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார்.

ஒரு நாள் முழுக்க அவளுடைய பழைய நம்பரை அவனுக்கு அனுப்பாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், ஆசை என்னுடையது, பாரம் என்னுடையது. ஓடி ஒளிய வேண்டியது மட்டும் அவள். மாணவனைக் கூப்பிட்டு வேண்டாம்ப்பா, இனி நானே கேட்டாலும் செய்யாதே என்றேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, சட்டத்துல வழி இல்லையா?" என்றார்.

"சட்டத்தை விடுங்க மாமா. இருந்தாலும் நான் செய்ய மாட்டேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். இந்தக் கடிதத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பெல்ட் விஷயம் வருகிற இடத்தில் நிறுத்தி, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். சந்தாபுரா வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்பதால்தான் அந்த ஊரையும் எழுதினேன். உன்னிடம் மட்டும் அனுமதி கேட்க முடியவில்லை. நாமினி நான்தானே என்று நானே கொடுத்துக்கொண்டேன், மறுபடியும்.

அவளுடைய அணைந்த நம்பருக்கு நேற்று பதில் அனுப்பினேன். முன்னுரை, விளக்கம் எதுவும் இல்லை. "நான்தான் திறந்தேன். என் தப்பு." ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அவள் அந்த சிம்மை எங்காவது தூக்கிப் போட்டிருப்பாள், அதுதான் புத்திசாலித்தனம்.

அக்கா, நீ பார்த்துக்கோ என்று சொன்னது இதைத்தான் என்றால், இப்போது என்னால் முடிந்தது இவ்வளவுதான். உன் மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பேத்தி இந்நேரம் நன்றாகப் பேசுவாளாக இருக்கும், அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தும் தெரிந்துகொள்ள மாட்டேன். யார் கேட்டாலும், நானே என்னைக் கேட்டாலும். இது சத்தியம்.

உன்னைப் பார்த்துக்கொள்ளாத தங்கச்சி,
விஜி