பெட்டி கொடுத்தவளுக்கு

ஏட்டி தங்கச்சி,

நேற்று கடையநல்லூரில் ஒரு வீட்டில் பரணிலிருந்து சக்கரம் வைத்த பெரிய துணிப்பெட்டி ஒன்றை இறக்கினார்கள். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது பார், துபாய் சோப்பும் அந்துருண்டையும் கலந்த வாசனை. எனக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. அந்த வீட்டுக்காரி பதறிப்போய், "என்னக்கா, தலை சுத்துதா? தண்ணி கொண்டாரவா?" என்றாள். தண்ணீர் குடித்தால் நீ வந்துவிடுவாயா? குடித்துவைத்தேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பெட்டி சேர்க்கிற வேலையை நானே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். உனக்கு வீடு வீடாக ஏறி இறங்குவது அல்வா சாப்பிடுவது மாதிரி. இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவள். எந்த வீட்டு ஆம்பளை எந்த நாட்டில் இருக்கிறான், எப்போது லீவில் வருவான் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். எந்த வீட்டுப் பரணில் எத்தனை பெட்டி சும்மா கிடக்கிறது என்பதும்தான். "எலி குடும்பம் நடத்துததுக்கா மயினி இத்தனை பெட்டி வச்சிருக்கீய?" என்று நீ கேட்டால் அவர்கள் சிரித்துக்கொண்டே ஏணி எடுத்துவரப் போவார்கள். நான் கேட்டால் கடன் கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். என் முகவெட்டு அப்படி.

இசக்கி உன் வீட்டுக்கு வந்த நாள்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். அம்மை இறந்துபோய், அப்பன் போன இடம் தெரியாமல் நின்ற பிள்ளை. பிள்ளையில்லாத நீயும் உன் வீட்டுக்காரரும் அரசாங்கத்தில் அனுமதி வாங்கி, வீட்டில் வைத்து வளர்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டிருந்தீர்கள். அவளைக் கூட்டிவந்த ஆபீசர் அம்மா கையில் ஒரு உரச்சாக்கு. பிள்ளையின் துணிமணி எல்லாம் அதற்குள்தான். உனக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "என்னக்கா இது, புண்ணாக்கா கொண்டு வாராவ? பிள்ளைலா வருது!" என்று அடுப்படிக்குள் வந்து என்னிடம் கத்தினாய். சாக்கை வெளியே வீசிவிட்டு, அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய். இப்படி வீடு மாறிப் போகிற எந்தப் பிள்ளையும் இனி சாக்கிலோ ஜவுளிக்கடைக் கட்டைப்பையிலோ துணி கொண்டுபோகக் கூடாது.

ஊர் நன்றாகத்தான் கொடுத்தது. தென்காசியில் நம் தெருவில் மழைக்கோட்டும் டிபன் பாக்ஸும் குவிந்தன. கடையநல்லூரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெட்டி. நீயும் நானும் மொட்டை மாடியில் அவற்றைத் துடைத்து வெயிலில் காயவைத்தோம். விமானத்தில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிச் சுரண்டி என் நகமே போயிற்று. சாரல் சீசனில் ஐந்தருவிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வைத்துக் கொடுத்தோம். அடடா, அந்தச் சத்தம்! பிள்ளைகள் ஈரத் தரையில் பெட்டிகளைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு ஓட, வளர்க்கிற அம்மாக்கள் பின்னால் ஓட, நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்காரி மாதிரி நின்றாய். இசக்கிக்கு நல்ல சிவப்புப் பெட்டியாகப் பார்த்து நீயே எடுத்துவைத்திருந்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. அருவியில் குளித்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் பஜ்ஜித் தட்டோடு நீ அவளைத் தேடிப் போனாய். நானும் பின்னால் வந்தேன். வாசல்படியில் செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெட்டி, அவளுடைய துணி மொத்தமும் மடித்து அடுக்கி, பூட்டி. அழவில்லை. "எப்பம் போவணும்மா?" என்று கேட்டாள்.

பெட்டி கொடுத்தால் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றுதானே எந்தப் பிள்ளையும் நினைக்கும்? அது நம் புத்திக்கு எட்டவே இல்லையே. பஜ்ஜித் தட்டைப் படியில் வைத்துவிட்டாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். துணியை எல்லாம் அலமாரிக்கு மாற்றினாய். பொங்கலுக்கு எடுக்கிற வெண்கலப் பானை, உருளி, கரண்டி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் அதில் திணித்து, அவளையே மேலே ஏறி உட்காரச் சொல்லி மூடினாய். "இது இனி நம்ம வீட்டுப் பாத்திரப் பெட்டி. நீ எங்கயும் போவல, கேட்டியா?" என்றாய். அதற்கப்புறம்தான் அவள் பஜ்ஜியைத் தொட்டாள்.

பிறகு ஒரு காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தாய். அவ்வளவுதான். சோடா வாங்கப் போன உன் வீட்டுக்காரர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீ போன துக்கத்தை ஆற அமர அழக்கூட விடவில்லை, ஏட்டி. ஆம்பளை தனியாக இருக்கிற வீட்டில் பெண் பிள்ளையை விட்டுவைக்கச் சட்டம் இல்லையாம். எனக்கு வயது தாண்டிவிட்டதாம். அதே ஆபீசர் அம்மாதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை. அந்தச் சட்டம் எதற்காக என்று எனக்கும் தெரியும், உன் வீட்டுக்காரருக்கும் தெரியும். "நல்லதுக்குத்தான் வச்சிருக்காவ, மதினி. ஆனா என் பொண்ணுலா அது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பெட்டி கொடுத்த வீடுகளுக்கே போய்க் கேட்டேன். ஒன்று கேட்டால் இரண்டாக இறக்கித் தந்தவர்கள். "பிள்ளைய வச்சுக்கிடுதீங்களா?" என்றதும் ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருத்திக்கு மாமியார் படுத்த படுக்கை. ஒருத்தி அடுத்த மாதம் புருஷனோடு கத்தார் போகிறாள். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் ஆளுக்கொரு பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். கை நிறைய வாங்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். பெரிய மனுஷி நான், என்னால் ஆனது அதுதான்.

உன் வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்துக் கீழே வைத்தார். இசக்கி தன் துணியைத் தானே அடுக்கினாள். போகும்போது, "அப்பா, பிரஷர் மாத்திர ஃபிரிட்ஜ் மேல இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ராயகிரியில் இருக்கிறாள். விவசாயக் குடும்பம், நல்ல மனுஷர்கள். போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அங்கே அவளை வளர்க்கிற பெண் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அலமாரில இடம் ஒழிச்சுக் குடுத்திருக்கேன். துணிய அதுல வைக்க மாட்டேங்கா, பெட்டிக்குள்ளயே இருக்கட்டுங்கா. நா என்னக்கா பண்ணட்டும்?" என்றாள். என்னைப் போய்க் கேட்டாள் பார். பொறுத்துக்கோம்மா என்றேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

இசக்கி என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். உயரமாகிவிட்டாள். பள்ளிக்கூடம், அங்கே கட்டியிருக்கிற கன்றுக்குட்டி என்று பேசிக்கொண்டே வந்தாள். பஸ் வந்து நின்றது. நான் ஏறப்போகும் நேரத்தில் சேலையைப் பிடித்து இழுத்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"பெரிம்மா, இந்த அம்மைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லேல்லா?"

கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். "ஒண்ணுமில்லட்டி, நல்லாத்தான் இருக்கா" என்று படியில் நின்றபடி சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும், நீயே சொல்லு. நீயும் நல்லாத்தான் இருக்கிறாய் என்றுதானே நினைத்திருந்தேன்.