ஆவாரங்குச்சி நட்ட இடங்கள்

வரதராஜன்பேட்டை,
14 அக்டோபர் 1947

பொன்னாயி அம்மாளுக்கு,

அமலோற்பவமேரி எழுதுவது. திருமழபாடியில் மகள் வீட்டில் எல்லோரும் சுகமா? கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியிருப்பதாகச் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கரைப்பக்கம் விடாதீர்கள். ஆறு வருடம் உங்களை ‘நீ’ என்றே கூப்பிட்டேன். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை.

பூமாலை, நீ என்னிடம் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். உன் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டும்போது எந்த வரியையும் விடாதே.

இங்கே மூன்று நாளாக மழை. மாட்டுக்கொட்டகை ஒழுகியது. நேற்றுக் கீற்று மாற்ற ஏறிய தங்கராசு, “டீச்சரம்மா, பரண்ல வெங்காயம் கட்டித் தொங்குதுங்க” என்றான். நான்கு கொத்துகள். தாளை முடிந்து, வேப்பிலை செருகி, காற்றுப்படும்படி கட்டியிருந்தது. முப்பத்திரண்டு கிழங்கு. ஒன்றுகூட அழுகவில்லை. குன்னூரிலிருந்து என் கல்லூரித் தோழி லீலா மேரி அனுப்பிய பூவெங்காயமும் முப்பத்திரண்டுதான்.

பாத்தி கட்டாமல், தானாக முளைத்தவைபோல வீட்டுத் தோட்டத்துப் புல்லுக்கு நடுவே அங்கங்கே அவற்றை நான் நட்டபோது, “வெங்காயம் பூத்தா வெள்ளாமை போச்சும்பாங்க எங்கூர்ல. நீங்க பூக்கறதுக்குன்னே வெக்கிறீங்களே” என்று சிரித்தீர்கள். மாசியில் ஊதாப் பந்துகளாகப் பூத்தபோது என்னைவிட அதிகநேரம் நின்று பார்த்ததும் நீங்கள்தான்.

கோடை விடுமுறைக்கு நான் திருச்சி போயிருந்தபோது தாள் காய்ந்திருக்கிறது. கிழங்கு மண்ணிலேயே கிடந்தால் மழைக்கு அழுகிவிடும் என்று, செட்டிகுளத்து வெங்காயக் காட்டில் வளர்ந்த நீங்கள் எடுத்துக் கட்டிவைத்திருக்கிறீர்கள். நான் திரும்பி வந்து, குத்துமதிப்பாக அங்கங்கே தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கிணற்றடியில் அத்தனை பெண்கள் முன்னால், என் கிழங்கைக் குழம்பில் போட்டாயா என்று கேட்டேன். “அது வந்துங்கம்மா” என்று தொடங்கினீர்கள். பேசாதே என்றேன். குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனீர்கள். அதன்பிறகு இந்த ஊரில் யாரும் உங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவள் என்று எனக்குப் பெயர். பங்குச் சாமியாரிடமே அத்தாட்சி கேட்பேன். நீங்கள் திருடியதை மட்டும் பார்க்காமலே நம்பினேன். கொட்டகையை ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. கிழங்கு எடுத்த இடம்தோறும் அடையாளத்துக்கு ஆவாரங்குச்சி குத்தி வைத்திருந்தீர்கள் என்பது நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. அன்று, யாரோ ஆடு கட்டிய குச்சி என்று எல்லாவற்றையும் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டேன். நட்டவள் நானே, ஆனாலும் எது எங்கே இருந்தது என்று எனக்கு நினைவில்லை. உங்களுக்கு நினைவிருக்கும்.

மழை விட்டதும் நட வேண்டும். வேலைக்கு அழைக்கவில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை. ஒருநாள் வந்து இடம் காட்டினால் போதும். வர மனமில்லாவிட்டால் அவை பரணிலேயே இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை இரண்டு படியாக எழுதியிருக்கிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் மற்றதைக் கிணற்றடியில் நானே வாசிக்கப் போகிறேன். நீங்கள் வந்திருந்தால், அன்று நான் நிறுத்திய இடத்திலிருந்து சொல்லுங்கள். எல்லோரோடும் நின்று கேட்கிறேன்.

உங்கள் வீட்டாரை ஆண்டவர் காக்கட்டும்.

உங்களுக்குத் தீங்கு செய்த,
அமலோற்பவமேரி