திருகோணமலைக்கு ஸ்கூட்டியில்

மே 5, திங்கள்
சோளகக் காற்று பிடித்துவிட்டது. கொடியில் போட்ட சாரம் வேலியில்.

ஒரு பக்கம் எழுத முக்கால் மணித்தியாலம். போன கிழமை ஒன்றரை. நாற்பத்தாறு வருடம் பெண்சாதியாக இருந்த றீற்றா ஏழு மாதமாக எனக்கு எழுத்துப் படிப்பிக்கிற ரீச்சர். அடிப்பதில்லை, சிரிக்கிறாள். அடித்தால் பரவாயில்லை.

அக்கா திருகோணமலையில். வயது எண்பத்திரண்டு. போனில் என் குரல் அவவுக்கு இனிக் கேளாது. "ஆர், ஆர்" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறா. நேரே போய்க் காதுக்குள் கதைக்க வேண்டும். பஸ் என்றால் றீற்றா வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுப்பாள். வான் பிடிக்க வசதி இல்லை. அவளின் ஸ்கூட்டி இருக்கிறது. கேட்டேன்.

"ஊர்காவற்றுறையிலை இருந்து ஸ்கூட்டியிலையோ? ரோட்டுப் பலகையளை வாசிச்சு வழி சொல்லுவியளோ?"

"ஓம்."

"பாப்பம்."

மே 7
சாட்டிக் கடற்கரை வரை ஒத்திகை. நான் பின்னுக்கு. முதல் பலகையை உரக்க வாசித்தேன். பிறகு றீற்றா ஒரு பஸ்ஸை முந்தினாள். கண்ணை மூடிவிட்டேன். புயலில் வள்ளம் ஓட்டினவன். இந்தக் கொப்பிக்கு மட்டும் சொல்கிறேன்.

"இடையிலை மூண்டு பலகை. ஒண்டும் வாசிக்கேல்லை."

"தூசி விழுந்தது."

"ரெண்டு கண்ணிலையுமோ?"

மே 8
தபால் கந்தோர். என் முதல் கடிதம், அக்காவுக்கு. 'நானும் றீற்றாவும் இருபதாம் திகதி வருவோம். தம்பி.' முத்திரையை நானே ஒட்டினேன்.

றீற்றா இன்னும் ஓம் சொல்லவில்லை. கடிதம் போட்டதும் அவளுக்குத் தெரியாது. இருப்புக்கொள்ளவில்லை. கேற்றடிக்கும் குசினிக்கும் நடை.

மே 11, ஞாயிறு
பூசை முடிந்து வழிப்படம் கீறினேன். இரவு தங்கக் கொக்கிளாயில் சவிரியின் மீன்வாடி. அவனும் நானும் பத்து வருடம் அந்தக் கரையில் ஒன்றாகத் தொழில் செய்தவர்கள். சோறும் பாயும் அவன் தருவான். லொட்ஜ் வேண்டாம்.

றீற்றா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபுரம், தென்னந்தோப்பு, வெளிச்சவீடு.

"இது கடலிலை நிண்டு கீறின படமெல்லோ. ரோட்டு எங்கை?"

"கரையோடை போறதுதானே."

போனில் வழி பார்த்தாள். "கொக்கிளாயிலை களப்பு கடலோடை சேருற வாய். பாலம் இல்லை. ஸ்கூட்டி நீந்துமோ?"

நூறு தரம் கடந்த வாய். எப்போதும் வள்ளத்தில். பாலம் இல்லை என்பதை ஒருநாளும் கவனித்ததில்லை. சுற்றிப் போனால் காட்டு ரோட்டு. யானை.

கடிதம் வழியில் இருக்கும்.

மே 13
சவிரிக்குப் போன். "வாங்கோ அண்ணை. ஸ்கூட்டியை வள்ளத்திலை ஏத்தி அங்காலை இறக்குவம்."

றீற்றா: "வள்ளத்திலை நான் ஏறமாட்டன்."

உண்மை. ஒருநாளும் ஏறினதில்லை. தண்ணீர்ப் பயம். எழுவைதீவுத் திருவிழாவுக்கே இந்தப் பயத்தால் போனதில்லை.

கடிதத்தைச் சொல்லிவிட்டேன்.

"என்னட்டைக் காட்டாமலோ? பிழையில்லாமல் எழுதினியளோ?"

"தெரியாது."

குசினிக்குள் போய்விட்டாள். மீன் வெட்டும் சத்தம். பெரிய மீன் இல்லை, சத்தம்தான் பெரிது.

மே 15
காற்று அடக்கம்.

அக்காவின் மகளிடமிருந்து போன். "அம்மா கடிதத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு வாசலிலை கதிரை போட்டிருக்கிறா, மாமா. இருபதாம் திகதி இன்னும் வரேல்லை எண்டு சொன்னாலும் கேக்கிறா இல்லை."

றீற்றாவும் கேட்டுக்கொண்டு நின்றாள். கையில் அகப்பை.

"ரோட்டிலை பின்னுக்கு இருந்து கண்ணை மூடுறது நீங்கள். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? கொக்கிளாயிலை நான் மூடுறன். சுக்கானை நீங்கள் பிடியுங்கோ. சவிரி ஓட்ட வேண்டாம்."

கொண்டுபோக: ஹெல்மெற் இரண்டு. அவளின் பிறஷர் குளிசை. அக்காவுக்குப் பனை ஒடியல். ஸ்கூட்டியை வள்ளத்தோடு கட்டக் கயிறு.

வீட்டில் இருக்கிற கயிறு கட்டை, நீளம் காணாது. இப்போதே கடைக்குப் போகிறேன்.