எண்ணெய் முள் எண்பதைத் தொடும் வரை

மட்சுமோட்டோ,
பிப்ரவரி 24

அன்புள்ள சிஹாருவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே பகலில் கூரைப்பனி உருகிச் சொட்டுகிறது, விடிவதற்குள் மறுபடி இறுகிவிடுகிறது. இத்தோயிகாவாவில் கடல் காற்று எப்படி? பதினொரு வருடமாக நாம் புத்தாண்டு அட்டையில் இரண்டு வரி எழுதிக்கொள்வதோடு சரி. இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு படி.

முதலில் செய்தி. நவம்பரில் அப்பா ஓட்டுநர் உரிமத்தைப் போலீஸ் நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது. யாரும் சொல்லவில்லை, தானாகவே போய்க் கொடுத்தார். பதிலுக்குப் பேருந்தில் பாதிக் கட்டணம் என்று ஒரு அட்டை தந்தார்கள். அதை அவர் இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை.

அதனால் அந்த வெள்ளை வண்டியை விற்கிறோம். கோஃபுவிலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்து பார்த்தார். அப்பா அவரை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினார். கிளப்பினதும் அரை நிமிஷம் போதுமாம், எண்ணெய் மேலே ஏறிவிடுமாம். பிறகு நின்ற இடத்திலேயே உறுமவிடாமல் மெதுவாக ஓட்டித்தான் சூடாக்க வேண்டுமாம். “தண்ணிச் சூட்டைக் காட்டற முள்ளு சீக்கிரம் ஏறிடும் டாக்டர், அதை நம்பி மிதிச்சிடாதீங்க. எண்ணெய் முள்ளு எண்பதைத் தொடற வரைக்கும் மூவாயிரம் சுத்துக்கு மேல போகவே கூடாது. நின்னபடியே சூடாக்கினா கியர் பெட்டி எப்படி சூடாகும், டயர் எப்படி சூடாகும்?” என்றார். பாவம், பல் மருத்துவர் வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்குத்தான் உபதேசம். உரிமம் போன நாளிலிருந்து அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியை முற்றத்தில் நின்றபடியேதான் சூடாக்குகிறார். வேறு என்ன செய்வார்? தெருவில் இறக்க முடியாது. என் உரிமமோ கியர் மாற்றத் தேவையில்லாத வண்டிக்கு மட்டும். அடுத்த வீட்டு மொமோசே அம்மாவிடம் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டு நான் இனிப்புப் பெட்டி கொடுத்துவிட்டு வந்தேன். “என்னாங்க, இதெல்லாம் எதுக்கு, எங்களுக்கு அதுதான் அலாரம்” என்று சொல்லிக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டாள்.

போன வாரம் வண்டியைத் துடைத்தேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், எண்ணெய் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டும் சீட்டு உண்டல்லவா? அது தடிப்பாக இருந்தது. தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி உரித்தேன். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினான்கு சீட்டு. ஏழு வருஷம், வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. எல்லாம் இத்தோயிகாவாவில் இனோமாத்தா என்பவருடைய பட்டறைச் சீட்டு. சில சீட்டுகளுக்கு நடுவில் எழுநூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஐயாயிரம் ஓடும் எண்ணெயை எழுநூறில் மாற்றியிருக்கிறார். நான் அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டினாலே முகம் சுளிக்கிறவர்.

அந்த நாட்களில் ஹக்குபாவுக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். துண்டு காய்ந்தபடியே திரும்பி வரும். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்பார். பின்னாளில் இருக்கையில் எள்ளும் கிடக்கும். அந்த வண்டிக்குள் ஆரஞ்சுச் சுளை தின்னக்கூட நம்மை விட்டதில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் கேட்கவில்லை. நான் கேட்டால் நானும் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சீட்டிலிருந்த எண்ணுக்கு போன் செய்தேன். இனோமாத்தா பேச்சுப் பிரியர். “ஓ, வெள்ளை வண்டிக்காரரா! அலமாரி முன்னாடி நின்னு டப்பா டப்பாவா பின்னாடி எழுதியிருக்கறதைப் படிப்பாரும்மா. அரை மணி நேரம். கடைசில எடுக்கறது அதே அஞ்சு-முப்பது நம்பர் எண்ணெய்தான். கேட்டா, கெட்டி எண்ணெய்தான் ஒசத்தின்னு நெனச்சு ஒரு தடவ கெட்டேன்னு சொல்வாரு. அப்புறம் ஃபில்டரையும் மாத்து, அவசரமில்லன்னு சொல்லிட்டு ஜன்னலோரமா உக்காந்துடுவாரு” என்றார். ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ரொட்டிக் கடை என்றார்.

நேற்றுக் காலை அந்தப் பதினான்கு சீட்டையும் அப்பாவின் தேநீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். பார்த்தார். கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். சரி, நான் முதலில் சொல்கிறேன் என்று நானே ஆரம்பித்தேன்.

சிஹாரு, அந்த ஜனவரியில் பனியால் ரயில் நின்றுபோனது. உனக்கு நகானோவில் ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு. தேயிலை டப்பாவிலிருந்து வெள்ளை வண்டியின் சாவியை எடுத்து உன் கையில் வைத்தது நான். சூடாக்கிக்கொண்டு நிற்காதே, ஓடு என்று சொன்னதும் நான். வழியில் எஞ்சின் கடகடவென்று அடித்து நின்றது. இரவு சாப்பாட்டில் அப்பா உன்னைப் பார்த்து, “திருட்டுத்தனமா சாவிய எடுத்திருக்க. ஒரு இரும்புக்கிட்டகூட அரை நிமிஷம் பொறுமையா இருக்கத் தெரியல, நீ எந்த மனுஷங்களோட வாழப்போற?” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் மிசோ சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதைக் கிளற வேண்டிய அவசியமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ காட்டிக்கொடுக்கவில்லை. மார்ச்சில் பெட்டியோடு போய்விட்டாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினொரு வருடமும் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தைத் தபாலில் போட எனக்குத் துணிவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் சீட்டுகளை ஓரம் சேர்த்து அடுக்கினார். பிறகு, “அவ அரை நிமிஷம் இல்ல, அஞ்சு நிமிஷம் நின்னிருந்தாலும் அந்த எஞ்சின் போயிருக்கும்” என்றார். அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் பந்தயத் தடத்தில் யாரோ சொன்னார்களென்று இருபது-ஐம்பது எண்ணெய் ஊற்றியிருக்கிறார். கோடை வெயிலுக்கு ஆனது. முதல் எண் பெரிதானால் குளிரில் அவ்வளவுக்கு இறுகுமாம். அன்றைக்குக் காலை மைனஸ் பதினொன்று. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்த மெக்கானிக், “ஐயா, இது எண்ணெயா, ஆறிப்போன பாகா? மேல எப்படி ஏறும்?” என்று கேட்டாராம். வீட்டில் சொல்லாதீர்கள் என்று அப்பா அவரைக் கேட்டுக்கொண்டாராம். அதற்குள் நீ பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாய்.

சொல்வதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் அங்கே போனேன் என்கிறார். தெருவைக் கடக்கவில்லை. எட்டு மீட்டர் தெரு. எங்கள் இருவரில் யார் மோசம் என்று நீயே முடிவு செய். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

இனோமாத்தா போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். காத்திருப்பவர்களுக்குத் தேநீரோடு கொடுக்க அவர் மனைவி உன் கடையில்தான் பன் வாங்குகிறாளாம். “எப்பவும் ரெண்டுதாம்மா வாங்குவோம். மூணு வருஷமா, வெள்ளை வண்டி உள்ள நிக்கற நாள்ல மட்டும் அந்தப் பொண்ணு எள்ளு போட்ட பயறுப் பன்னு ஒண்ணு கூடுதலா வெச்சிடுது. கேட்டா, எண்ணிக்கை தப்பிடுச்சுங்குது” என்றார்.

மூன்று வருடத்தில் ஆறு தடவை உனக்கு எண்ணிக்கை தப்பியிருக்கிறது. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

பல் மருத்துவர் மார்ச் 15 வந்து வண்டியை எடுத்துப் போகிறார். எட்டாம் தேதி ஞாயிறு. காலை எட்டு மணிக்கு அப்பா வழக்கம்போல் கிளப்புவார். நீ வந்தால் ஓட்டலாம். பக்கத்து இருக்கையில் அவர் உட்காருவார். அஜுமினோ தாண்டும் வரை பேசமாட்டார், ஒமாச்சி வரைகூடப் பேசாமல் வரலாம். நீயும் பேச வேண்டாம். மூவாயிரத்தைத் தாண்டாமல் சும்மா ஓட்டு. அவருக்குக் கொஞ்ச தூரம் கொடு.

ஹக்குபா பக்கம் இன்னும் பனி இருக்கும், ரயிலிலேயே வா. கழுத்துத் துண்டு மறக்காதே. உன் கை நன்றாக இருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வரும்போது எள் போட்ட பன் மூன்று கொண்டு வா. இந்தத் தடவை எண்ணியே எடுத்து வை.

இப்படிக்கு,
சாவியை எடுத்துக் கொடுத்த உன் அம்மா
ஃபுஜியே