ஒரு புள்ளிக்கு ஒரு புத்தகம்

உ
சிவமயம்

காரைக்குடி,
18-2-1973

சிரஞ்சீவி நாச்சியப்பனுக்கு ஆத்தா எழுதுறது.

பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் காவல்ல எனக்கும் உன் அப்பச்சிக்கும் உடம்புக்குக் குறை ஒண்ணுமில்லை. அங்க நீயும் மருமக தேனம்மையும் நல்லபடியா இருக்கீகளா, பனி இன்னும் கொட்டுதா, அவளுக்குக் குதிகால்ல வெடிப்பு வந்துச்சுன்னு எழுதியிருந்தியே ஆறிருச்சா. எப்பவும் உனக்கு அப்பச்சிதான் பதில் எழுதுவாக, அடியில மிச்சமிருக்கிற இடத்துல நான் ரெண்டு வரி கிறுக்குவேன். இந்தத் தடவை முழுசும் நானே எழுதுறேன். அப்பச்சி எதுக்க நாற்காலியில பேப்பரை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக, அரை மணியா பக்கம் திருப்பலை. ஜனவரி ஆறாந்தேதி போட்டு அவுகளுக்கு நீ எழுதின கடிதத்தை நான் படிச்சிட்டேன். அதைச் சொல்லத்தான் இது.

முதல்ல ஊர்ச் சேதியைச் சொல்லிடறேன். மேலப்பத்தித் தாழ்வாரத்துல ஓடு மாத்தியாச்சு, இனி மழைக்கு ஒழுகாது. தை கடைசியில கீழச்சிவல்பட்டியில உன் பங்காளி அண்ணன் பெத்தாச்சியோட மகளுக்குக் கல்யாணம் நடந்துச்சு, ஊர்ப்பட்ட கூட்டம். அங்க பாத்தவுக எல்லாரும் கல்யாணத்தை விட்டுட்டு என்னையத்தான் சுத்தி நின்னாக, ஆச்சி எப்பப் பிளேன் ஏறுறீக, பாரீசுல இறங்கி நிப்பீகளா, அங்க பொம்பளைகல்லாம் கவுன்தானே போடுவாக நீங்க என்ன பண்ணப் போறீகன்னு ஒரே கேலி. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு மே மாசம் பதினாலாந்தேதின்னு சொன்னேன். தேனம்மையோட ஆத்தா என் கையப் பிடிச்சு, மகளுக்குப் பருப்புப் பொடியும் சீப்புச் சீடையும் குடுத்து விடுறேன் கொண்டு போவீகளான்னு கேட்டாக, பெட்டியில இடம் ஒதுக்கி வச்சிருக்கேன் ஆச்சின்னு சொன்னேன். அப்ப நீ எழுதி ஒரு மாசம் ஆயிருந்துச்சு. என் பக்கத்துலயே நின்னு அப்பச்சி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாக.

போன ஆனியில அப்பச்சி சாந்திக்கு நீ வந்திருந்தியே, அறுபது முடிஞ்சு மறுபடி தாலி கட்டின கையோட, பங்காளிக அத்தனை பேரு முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, அப்பச்சியையும் ஆத்தாவையும் ஜோடியா ஐரோப்பா முழுக்கச் சுத்திக் காட்டப் போறேன்னு சொன்னது நீதான். நான் கேக்கலை. எனக்கு அப்ப ஐரோப்பா எங்குட்டு இருக்குன்னே தெரியாது. நீ ஜெர்மனிக்குத் திரும்பின மறுநாளே அப்பச்சி ஒரு மேப்பு வாங்கியாந்து அலமாரிக் கதவுல ஒட்டினாக. செவப்புப் பென்சிலால கோடு போட்டுக்கிட்டே வந்தாக. ரோம், வெனிஸ், வியன்னா, ஜூரிச், அங்கிருந்து உன் ஸ்டுட்கார்ட், அப்பறம் பாரீஸ், லண்டன், கடைசியா ஆம்ஸ்டர்டாம். ஏழு நாடு, அறுபத்திரெண்டு நாள். தினமும் காப்பி குடிச்சதும் நாங்க ரெண்டு பேரும் அந்தக் கதவு முன்னாடி நிப்போம். வெனிஸ்ல மூணு நாள் எதுக்கு, தண்ணியைப் பாக்க ஒரு நாள் போதாதான்னு நான் கேப்பேன். அவுக அழிச்சிட்டு ரெண்டாக்குவாக. கல்யாணமாகி நாப்பத்தோரு வருசத்துல அவுக ஒரு காரியத்தை என்கிட்டக் கேட்டு அழிச்சு எழுதினது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, சொல்றதுக்கு என்ன வெக்கம்.

அங்க கல்லுப் பாவின ரோடு, செருப்பு ஆகாதுன்னு எனக்குக் கான்வாஸ் சப்பாத்து வாங்கிக் குடுத்தாக. காலையில இருபது சுத்து, சாயந்திரம் இருபது சுத்து அதைப் போட்டுக்கிட்டு வளவு முத்தத்தைச் சுத்தி நடந்தேன். முதல் வாரம் பின்னங்கால் ரெண்டும் கொப்புளம், தேங்காயெண்ணெயைத் தடவிக்கிட்டு மறுபடி நடந்தேன். வேலைக்கு வர்றவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. கல்லுக்கட்டியில ஸ்டூடியோ வச்சிருக்காகளே ஹபீப் ரகுமான், அவுக சம்சாரம் ராபியா எனக்கு ரெண்டு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்துச்சு, அளவு பாக்கக் காரைக்குடி வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு வேர்த்து ஊத்தினேன். இட்டிலியை முள்ளுக் கரண்டியால குத்திச் சாப்பிட்டுப் பழகினேன். முட்டையும் இல்லாத கறியும் இல்லாத ரொட்டி வேணும்னு இங்கிலீசுல எப்படிக் கேக்கறதுன்னு எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணினேன். இப்பக் கேட்டாலும் சொல்லுவேன்.

பாஸ்போர்ட்டுக்குப் பாரம் எழுதினதும் ஹபீப்புதான். படமும் பிடிச்சு, பாரமும் டைப் அடிச்சு மெட்ராசுக்கு அனுப்புறதை ஒரு தொழிலா வச்சிருக்காக. ரெண்டு பேருக்கும் தனித்தனியாப் போடவா, இல்லை ஆச்சி பேரை உங்க புத்தகத்துலயே சேத்துப் போடவான்னு அப்பச்சியைக் கேட்டாக. அப்பச்சி கொஞ்சங்கூட யோசிக்கலை. கோயில் வரிக் கணக்குல எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு புள்ளின்னுதானப்பா எழுதுறாக, புருசன் பெண்டாட்டி ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு புத்தகம் போதும்னு சொல்லிட்டாக. எனக்கும் அது பெருமையாத்தான் இருந்துச்சு. புத்தகம் வந்தப்பத் திறந்து பாத்தேன், அவுக படம், பக்கத்துல என் படம். எங்க கல்யாணத்துக்குப் படம் எடுக்கலை, சாந்திக்கு எடுத்ததுல இருநூறு பேருக்கு நடுவுல நான் எங்க நிக்கிறேன்னு தேடணும். ரெண்டு பேரும் மட்டும்னு இருந்தது அது ஒண்ணுதான். பெட்டகத்துலேருந்து அடிக்கடி எடுத்துப் பாப்பேன்.

போன வியாழக்கிழமை அப்பச்சி பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்தப்ப ஹபீப் வீட்டுக்கு வந்தாக. அந்நியப் பணம் இங்க கிடைக்காது, வெளிநாட்டுல இருக்கிற பிள்ளை செலவுக்கு நான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்தாத்தான் ரிசர்வ் பேங்கில வெளிநாடு போக அனுமதிக்கிற பி பாரம் தருவாக, அந்தக் கடிதம் இன்னும் வரலை வரலைன்னு அப்பச்சி நாளைக் கடத்துறாக, இனிமேலும் தள்ளினா மே மாசம் நடக்காதுன்னு சொன்னாக. ஒருவேளை வந்து, அவுக எங்கயாச்சும் மறந்து வச்சிருப்பாகளோன்னு மேசை டிராயரைத் திறந்தேன். ஜெர்மனித் தபால் தலை ஒட்டின உன் கவர் அடியில கிடந்துச்சு. சந்தோசமா எடுத்துப் பிரிச்சுக்கூடப் பாக்காம ஹபீப் கையில குடுத்தேன். அவுக செலவுக்குப் பொறுப்புன்னு இங்கிலீசுல இருந்த காகிதத்தை ரெண்டு தரம் படிச்சாக. ஆச்சி, இதுல ஐயா பேரு மட்டுந்தான் இருக்குன்னாக. அதோட இருந்த தமிழ்க் கடிதத்தை மடக்கி என்கிட்ட நீட்டிட்டு, அங்குட்டுத் திரும்பி நின்னுக்கிட்டாக. நல்ல மனுசன்.

நின்னபடியே படிச்சேன். ஆத்தாவுக்கு ரெண்டு மாசம் அலைச்சல் தாங்காது, சாப்பாடு சேராது, பாஷை தெரியாது, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒருத்தர் கையப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும், ஆத்தா வந்தா உங்களுக்கும் பாத்த மாதிரி இருக்காது, அதனால நீங்க மட்டும் வாங்க, ஆத்தாவை அடுத்த தடவை பாத்துக்கலாம், நீங்களே பக்குவமாச் சொல்லிருங்கன்னு எழுதியிருக்க. ஹபீப்பைக் கூப்பிட்டு, அப்ப அந்தப் புத்தகத்தை வச்சுக்கிட்டு அவுக மட்டும் போகலாமான்னு கேட்டேன். போகலாம் ஆச்சின்னாக. நான் மட்டும் போகலாமான்னு கேட்டேன். ஐயா கூட வந்தாத்தான் உங்களுக்குச் செல்லும்னாக. ஒரு புள்ளிக்கு ஒரு புத்தகம்னு நான் பெருமைப்பட்டதுக்கு அர்த்தம் அன்னைக்குத்தான் விளங்குச்சு.

மத்தியானம் அப்பச்சி வந்தாக. இலையைப் போட்டு, சோறும் குழம்பும் வச்சு, இலைக்குப் பக்கத்துல உன் கடிதத்தையும் வச்சேன். பாத்துட்டு ரொம்ப நேரம் சோத்துல கையே வைக்கலை. அப்பறம், "எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்" அப்படின்னாக. நான் அழுகலை, சத்தம் போடலை. "ஒரு மாசமா நான் சப்பாத்தைப் போட்டுக்கிட்டு வளவைச் சுத்துறதைப் பாத்துக்கிட்டே இருந்தீகளே, அதையாச்சும் நிறுத்தச் சொல்லியிருக்கலாமே" அப்படின்னு மட்டும் கேட்டேன். சாயந்திரம் வந்து, நானும் போகலை, எல்லாத்தையும் ரத்து பண்ணிருவோம்னாக. அது வேண்டாம்னுட்டேன். உனக்காகத்தான் நின்னேன்னு சாகுற வரைக்கும் ஒரு பேச்சை நான் கேட்டுக்கிட்டிருக்க முடியாது.

அடுத்த தடவைன்னு எழுதினியே அப்பு, அந்த வார்த்தையை நீ யார்கிட்டக் கத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியும். பதினாலு வயசுல இந்த வீட்டுக்கு வந்தேன். அவுக மலாயாவுல ஈப்போ கடைக்கு மூணு வருசம் போவாக, வந்து அஞ்சாறு மாசம் இருப்பாக, மறுபடி மூணு வருசம். ஒவ்வொரு தரம் கப்பலேறும்போதும், அடுத்த தடவை உன்னையக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவாக. சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சுக்கிட்டு, நாலு வருசம் ஒரு கடுதாசி இல்லை. உயிரோட இருக்காகளா இல்லையான்னு தெரியாம, குங்குமத்தை வைக்கவா அழிக்கவான்னு ஊரு என் நெத்தியைப் பாத்தப்ப உன்னையத் தூக்கிக்கிட்டு இந்த வீட்டுல நான் தனியாத்தான் இருந்தேன். நீ மெட்ராஸ் ஹாஸ்டல்ல டைபாய்டுல கிடந்தப்ப அவுக ஈப்போவுலதான் இருந்தாக. தந்தி வந்ததும் கட்டின சீலையோட ரயிலேறினேன். அதுக்கு முன்னாடி மதுரைக்கு அங்குட்டு நான் போனதில்லை. எழும்பூர்ல இறங்கி, ரிக்‌ஷாக்காரன்கிட்டக் கேட்டுக் கேட்டு, உன்னையச் சேத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தேன். அன்னைக்கு எந்த ஸ்டேஷன்ல யாரு என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாக?

தேனம்மை மேல எனக்கு வருத்தமில்லை, அவளைக் கேட்டு நீ எழுதியிருக்கமாட்டே. ஆனா ஒண்ணை நினைச்சுப் பாரு. கல்யாணமாகி மூணாம் மாசம் அவளை உன்கூட அனுப்பணும்னு நீ கேட்டப்ப, புதுப்பொண்ணு, பாஷை தெரியாது, குளிரு, ரெண்டு வருசம் இங்க இருக்கட்டும்னு வீடே சொல்லுச்சு. அத்தனை பேரையும் எதுத்து, என்னைய வச்ச மாதிரி அவளை இங்க வைக்கக் கூடாதுன்னு சண்டை போட்டு அனுப்பினது யாருன்னு அவகிட்டயே கேளு. அவளுக்கு அப்ப எஸ் நோவைத் தவிர என்ன தெரியும்? எனக்கு ரொட்டி கேக்கவாச்சும் தெரியும்.

இப்ப நான் செஞ்சதைச் சொல்றேன். வெள்ளிக்கிழமை ஹபீப் ஸ்டூடியோவுக்குப் போனேன். என் பேரை அந்தப் புத்தகத்துலேருந்து எடுத்துட்டு எனக்குத் தனியாப் புத்தகம் குடுக்கணும்னு மனு எழுதி வாங்கிட்டு வந்தேன். அப்பச்சி படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாக, நானும் போட்டேன். அவுக புத்தகமும் கூடவே போகுது, என் படத்து மேல முத்திரையைக் குத்தி அடிச்சிட்டுத் திருப்பி அனுப்புவாகளாம். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தரம் திறந்து பாத்துக்கிட்டேன். பங்குனி கடைசிக்குள்ள என் புத்தகம் கைக்கு வந்துரும்னு ஹபீப் சொல்றாக.

அப்பச்சி மே பதினாலாந்தேதி கட்டாயம் வருவாக. எனக்குப் பதிஞ்சு வச்ச டிக்கெட்டும் பங்குனி முடியற வரைக்கும் இருக்கும். என் செலவுக்குப் பொறுப்புன்னு எனக்குத் தனியா ஒரு கடிதம் நீ எழுதி அனுப்பினா நான் வருவேன். அப்பச்சியும் சம்சாரமும்னு சேத்து எழுதாதே, என் பேரைப் போட்டு எழுது. மனசில்லைன்னா அனுப்ப வேண்டாம், நான் ரெண்டாந்தரம் கேக்கமாட்டேன், ஊருல கேக்குறவுகளுக்கும் உள்ளதைச் சொல்லிருவேன். நான் வரலைன்னா அப்பச்சிக்கு ராத்திரி ரெண்டு இட்டிலிக்கு மேல ஆகாது, பாலு சுண்டக் காய்ச்சிக் குடுக்கணும், ரத்தக்கொதிப்பு மாத்திரையை எடுத்துக் கையில வச்சாத்தான் முழுங்குவாக, இல்லைன்னா போட்டாச்சுன்னு பொய் சொல்லுவாக. படியிறங்கும்போது இடது முழங்கால் மடங்கிக்கும், ஸ்டேஷன்லல்லாம் நீ கையப் பிடிச்சுக்க.

உங்க ரெண்டு பேருக்கும் நீண்ட ஆயுசும், சீக்கிரமே மடியில ஒரு பிள்ளையும் குடுக்கணும்னு அந்தப் பிள்ளையாரைத்தான் கேட்டுக்கிறேன், கோவத்துலயும் அதுல குறை வைக்கமாட்டேன். தேனம்மையைக் குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கிட்டுப் படுக்கச் சொல்லு. ஒண்ணே ஒண்ணு மறந்துராதே. பதில் எழுதினா எனக்கு எழுது, கவர் மேல என் பேரைப் போடு. ஒன்பது வருசமா ஜெர்மனியிலேருந்து இந்த வீட்டுக்கு வந்த கவர் ஒண்ணுல கூட என் பேர் இல்லை, போஸ்ட்மேன் சின்னச்சாமிக்கு அப்படி ஒருத்தி இங்க இருக்கான்னே தெரியாது. எப்படி எழுதணும்னு உனக்கும் மறந்திருந்தாக் கீழ பாத்துக்க. மனுவுல போட்ட கையெழுத்துதான்.

இப்படிக்கு,
நீலாயதாட்சி